பழைய கியூவில் பேட்ஜைக் கடைசியாகப் பாருங்கள்

ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் ஆடும் கோலைத்தான் கியூ என்கிறோம். அதில் பழையது ஒன்று கைக்கு வந்தால் எல்லாருடைய கண்ணும் முதலில் போவது பேட்ஜுக்குத்தான். பிடியின் அடியில் சீவிவிட்ட தட்டை முகத்தில் ஒரு சின்ன வட்டம். அதில் ஒரு கம்பெனியின் பெயர், கூடவே ஒரு சாம்பியன் பெயர். அவ்வளவு போதும், கியூவின் ஜாதகமே கிடைத்த மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் ஒரு கியூவில் யார் வேண்டுமானாலும் சுலபமாகக் கழற்றி மாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, நுனியில் இருக்கும் தோல் டிப். இன்னொன்று இந்த பேட்ஜ்.

என்னிடம் வந்த கியூவை நண்பர் ஒருவர் கொடுத்தார். வீட்டைக் காலி செய்தபோது அலமாரிக்குப் பின்னால் கிடைத்ததாம். கறுப்பு வர்ணம் உதிர்ந்த நீளமான டின் உறை, உள்ளே ஒரே துண்டாக ஒரு கியூ. "ரைலி கியூப்பா. பேட்ஜைப் பாரு, அக்ரிங்டன்னு போட்டிருக்கு" என்றார். போட்டிருந்தது. ரைலி 1878-இல் தொடங்கிய நிறுவனம்; இங்கிலாந்தின் லங்காஷயரில் இருக்கும் அக்ரிங்டன்தான் அதன் ஊர். எழுத்து சரியாகத்தான் இருந்தது. ஆனால் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் பேட்ஜ் வட்டம், அது உட்கார்ந்திருந்த குழியோ நீள்வட்டம். மேலும் கீழும் மிச்சமிருந்த பிறை வடிவ இடைவெளியைக் கறுப்பு மெழுகு போன்ற ஏதோ ஒன்றால் அடைத்திருந்தார்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது. கருங்காலியில் அப்படி விழாது. ஆக, வேறெதிலோ இருந்த பேட்ஜ் இதற்குக் குடிவந்திருக்கிறது. ஏமாற்றுவதற்காகத்தான் என்று சொல்ல மாட்டேன். பேட்ஜ் விழுந்துபோன குழி பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று கையில் கிடைத்ததை யாராவது வைத்து ஒட்டியிருக்கலாம். இது அடிக்கடி நடப்பதுதான்.

அதனால் நான் பார்க்கும் வரிசை தலைகீழ். முதலில் ஒட்டு, அப்புறம் மரம், அப்புறம் நீளமும் எடையும். பேட்ஜ் கடைசியில்தான்.

கியூவின் தண்டு ஒரு மரம், பிடி வேறு மரம். இரண்டும் சேருமிடத்தில் பிடியின் கறுப்பு மரம் நாலு நாக்குகளாகத் தண்டின் மேல் ஏறி நிற்கும். அந்த நாக்குகளின் நுனியில்தான் விஷயம் இருக்கிறது. நுனி கூராக, நாலும் ஒரே உயரத்தில் அச்சுப் பிசகாமல் நின்றால் அது இயந்திர ஒட்டு. இரண்டு கட்டைகளிலும் இயந்திரத்தால் கூரான காடி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ஒட்டியது. நுனி உருண்டு வளைந்து, உயரத்தில் ஒன்றுக்கொன்று நூலளவு ஏறுமாறாக இருந்தால் கை ஒட்டு. கை ஒட்டில் தண்டு மரத்தையே பிடியின் அடிவரை கொண்டுபோய், அதை நாலு பக்கமும் சரிவாக இழைத்து, ஒவ்வொரு சரிவிலும் ஒரு கருங்காலித் துண்டை ஒட்டுவார்கள். முதலில் எதிரெதிரே இரண்டு. அவை காய்ந்து இறுகியதும் மற்ற இரண்டு. பிறகு மொத்தத்தையும் இழைப்புளியால் உருட்டும்போது ஒட்டுக்கோடு தானாகவே வளைவாக வந்து நிற்கும். இழைப்பவர் கை எங்கே நின்றதோ அங்கே நுனி. இன்றைய நல்ல கைவினைஞர்கள் நாலையும் ஒரே மட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பழசில் கொஞ்சம் முன்பின் இருப்பது சகஜம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

சந்தேகமாக இருந்தால் அடிமுகத்தைத் திருப்பிப் பாருங்கள். கை ஒட்டு என்றால் நடுவில் வெளிர் மரம் ஒரு சின்னச் சதுரமாகத் தெரியும், சுற்றிலும் நாலு கறுப்புத் துண்டுகள். இயந்திர ஒட்டில் பெரும்பாலும் அடிமுகம் முழுக்க ஒரே மரம். என் கியூவின் அடியில் ஒரு தோல் வட்டு ஒட்டியிருந்தது. அதன் ஓரம் ஏற்கெனவே கிளம்பியிருந்ததால் மெல்லிய கத்தியை விட்டுத் தூக்கிப் பார்த்தேன். சதுரம் இருந்தது. நாலு கருங்காலியில் ஒன்றில் மட்டும் பழுப்பு வரி ஓடியது. கருங்காலி என்றாலே மை மாதிரி கறுப்பாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இப்படிப்பட்ட வரியைக் கண்டால் போலி என்று ஒதுக்கிவிடுவார்கள். அது தவறு, இயற்கையான கருங்காலியில் பழுப்பு ஓடுவது உண்டு. போலியைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. பிடியில் அடிபட்ட இடத்தையோ ஆழமான கீறலையோ தேடுங்கள். உள்ளே வெளிர் மரம் எட்டிப் பார்த்தால் அது சாயம் ஏற்றிய மரம். உள்ளேயும் கறுப்புத்தான் என்றால் கருங்காலி. ஈட்டி மரப் பிடியாக இருந்தால் செம்பழுப்பில் கறுப்பு வரிகள் ஓடும், அதில் குழப்பம் குறைவு.

தண்டுக்கு வருவோம். ஸ்னூக்கர் கியூவில் தண்டு பெரும்பாலும் ஆஷ் அல்லது மேப்பிள். ஆஷ் என்றால் ரேகை கண்ணுக்கு அப்படியே தெரியும். தண்டின் ஒரு பக்கத்திலும் அதற்கு நேரெதிர்ப் பக்கத்திலும் அம்புமுனை மாதிரி அடுக்கடுக்காக ரேகைகள் வரும், இடைப்பட்ட பக்கங்களில் நேர்க்கோடுகளாக ஓடும். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் துளைகள் தட்டுப்படும். மேப்பிள் வழவழப்பு, ரேகை கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. என்னிடம் வந்தது ஆஷ்தான். ஆனால் அதன் ரேகையைப் பார்ப்பதற்கே முதலில் பாடுபட வேண்டியிருந்தது. பின்னொரு காலத்தில் யாரோ தண்டு முழுக்கத் தடிமனாக வார்னிஷ் பூசியிருந்தார்கள். மஞ்சளேறி, பிசுபிசுத்து, கைவிரல் இடுக்கில் ஓட்டினால் பிடித்துப் பிடித்து நின்றது.

அடுத்து நீளமும் எடையும். இங்கேதான் ஒரு பழைய கியூ தன் கதையை அதிகமாகச் சொல்லும். இன்றைய ஸ்னூக்கர் கியூ சாதாரணமாக 57, 58 அங்குலம். விதிப்படி 3 அடிக்குக் குறையாமல் இருந்தால் போதும், உச்ச அளவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. என்னுடையது 56 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டியது. பழைய கியூக்கள் சிலவற்றில் பிடியின் தட்டை முகத்திலேயே எடையைக் குத்தியிருப்பார்கள், அவுன்ஸ் கணக்கில். இதில் 17 என்று இருந்தது. 17 அவுன்ஸ் என்றால் 482 கிராம். தராசில் வைத்தால் 466 காட்டியது. 16 கிராம் எங்கே போனது?

நுனிப் பக்கம் அறுத்திருந்தால் இவ்வளவு குறையாது. நுனி மெல்லியது, ஆஷ் லேசான மரம். அங்கே ஓர் அங்குலம் வெட்டினாலும் 2 கிராம்கூட வராது. அடிப்பக்கம் அப்படியில்லை. 29 மில்லிமீட்டர் கனம், பெரும்பாலும் கருங்காலி. கருங்காலி தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம். அங்கே ஓர் அங்குலம் என்றால் ஏறக்குறைய 16 கிராம்தான் வரும். அப்புறம் தட்டை முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாக அது அடிவரை ஒழுங்காக அகன்று வந்து, ஓரத்தில் மழுக்கி முடிந்திருக்கும். இதில் பாதியில் அறுத்தாற்போல் கூரான விளிம்போடு நின்றது. தோல் வட்டு ஏன் வந்தது என்பதும் புரிந்தது: அடிமுகத்தில் ரம்பத்தின் கோடுகள் அப்படியே இருந்தன, அவற்றை மறைக்கத்தான். அடி பிளந்துபோய் வெட்டியிருப்பார்கள், அல்லது உறைக்குள் நுழைய வேண்டும் என்று வெட்டியிருப்பார்கள். உறையின் உள்நீளத்தை அளந்தேன். கியூவைவிட அரை அங்குலம்தான் அதிகம். டின் உறையும் கியூவும் ஒன்றாகப் பிறந்தவை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். உறை மேல் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டை வைத்துக் கியூவின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

டிப் பக்கம் 11 மில்லிமீட்டர். இன்று ஸ்னூக்கர் ஆடுகிறவர்கள் 9 முதல் 10 மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்கிறார்கள். 11 என்றதும் "நுனியை வெட்டியிருக்கிறார்கள், அதான் தடித்துவிட்டது" என்று சொல்லத் தோன்றும். அப்படியும் நடக்கும். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளின் மேஜையில் பிறந்து, 1882-இல் உதகமண்டலம் மன்றத்தில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம். இருந்தாலும் முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டி 1927-இல்தான் நடந்தது. அதுவரையிலும் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் பில்லியர்ட்ஸ்தான் பெரிய ஆட்டம். அந்தக் காலக் கியூக்கள் பில்லியர்ட்ஸுக்காகச் செய்தவை. அவற்றில் சற்றுத் தடித்த நுனியும் 17 அவுன்ஸ் மாதிரி எடையும் இயல்பு. "பழைய ஸ்னூக்கர் கியூ" என்று நம் கைக்கு வருவதில் பல உண்மையில் பில்லியர்ட்ஸ் கியூதான். தடித்த நுனியைக் கண்டதும் சீவி 9.5 ஆக்கிவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. தண்டின் சரிவு முழுவதையும் மாற்றாமல் நுனியை மட்டும் மெலிதாக்க முடியாது. மாற்றினால் அது வேறு கியூ.

இப்போது பேட்ஜ். என் கியூவுக்கு அது வேற்றாள். ஆனால் பொதுவாக பேட்ஜ் உதவவே உதவாது என்று சொல்ல வரவில்லை. குழியோடு கச்சிதமாகப் பொருந்தி, ஓரத்தில் பாலிஷ் தொடர்ச்சியாக ஓடினால் நம்பலாம். அப்போதும் அதிலிருந்து கிடைப்பது "இந்த வருஷத்துக்கு முந்தையது இல்லை" என்ற எல்லைக்கோடு மட்டுமே. பில்லியர்ட்ஸ் சாம்பியன் வால்டர் லிண்ட்ரம் பெயரோடு 4137 என்ற எண் இருந்தால், அவர் அந்த பிரேக்கை, அதாவது தவறவிடாமல் ஒரே தொடராக எடுத்த புள்ளிகளை, அடித்தது 1932-இல், எனவே கியூ அதற்குப் பிந்தையது. ஸ்னூக்கர் சாம்பியன் ஜோ டேவிஸ் பெயரோடு, ஸ்னூக்கரில் உச்ச பிரேக்கான 147 இருந்தால் 1955-க்கு முன்னால் போகாது. அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட முதல் 147 அந்த வருஷ ஜனவரியில்தான் வந்தது. அந்த பேட்ஜை எத்தனை வருஷம் தொடர்ந்து ஒட்டினார்கள் என்பது வேறு கணக்கு. முகவரியும் கைகொடுக்கும். தர்ஸ்டன் கம்பெனியின் லண்டன் லெஸ்டர் ஸ்கொயர் மண்டபம் 1940-இல் குண்டுவீச்சில் சேதமானது. அந்த முகவரி போட்ட கியூ என்றால் காலத்தைப் பெரும்பாலும் அதற்கு முன்னால் வைத்துப் பார்க்கலாம். பர்ரோஸ் அண்ட் வாட்ஸ் என்றால் லண்டன் சோஹோ ஸ்கொயர், ஓர்ம் அண்ட் சன்ஸ் என்றால் மான்செஸ்டர். கம்பெனிக்கும் ஊருக்கும் பொருத்தம் இல்லை என்றால் உஷாராகிவிட வேண்டும். இன்னொன்று, சாம்பியன் பெயர் போட்டதெல்லாம் விளம்பரம். அந்தச் சாம்பியன் அதைக் கையில் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பேட்ஜ் எந்தப் பொருளால் ஆனது என்பதில் சற்று நிதானம் வேண்டும். மிகப் பழையதில் யானைத் தந்தம் இருக்கலாம். பிந்தையதில் செல்லுலாய்ட், அதன் பிறகு சாதாரண பிளாஸ்டிக். பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு யோசனை உலாவுகிறது. தயவுசெய்து வேண்டாம். செல்லுலாய்ட் சட்டென்று தீப்பற்றும் பொருள். விரலால் நன்றாகத் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்ட். தந்தத்தில் ரேகை நுண்ணியதாக, சீரில்லாமல் ஓடும். செல்லுலாய்டில் தந்தம் மாதிரி காட்டப் போட்ட கோடுகள் அளவெடுத்தாற்போல் இணையாக இருக்கும். தந்தம் என்று தெரிந்தால் விற்பதற்கோ நாடு தாண்டி அனுப்புவதற்கோ முன்னால் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2018-இல் இயற்றி 2022 ஜூனில் அமலுக்கு வந்த சட்டம் தந்தம் சேர்ந்த பொருள்களை விற்பதைப் பெரும்பாலும் தடுக்கிறது. இந்தியாவில் தந்த வியாபாரத்துக்கே இடமில்லை.

இத்தனையும் பார்த்து முடிக்கும்வரை துணியை எடுத்து ஒரு துடைப்புத் துடைக்கவில்லை. காரணம் இருக்கிறது. அழுக்கும் ஒரு தடயம். பேட்ஜ் ஓரத்தில் அழுக்குக் கோடு எங்கே அறுபடுகிறது, ஃபெரூலுக்குக் (டிப்புக்கு அடியில் தண்டின் நுனியைச் சுற்றியிருக்கும் பூண்) கீழே சாக்பீஸ் நீலம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, கை பிடிக்கும் இடத்தில் கறுப்பு எங்கே தொடங்குகிறது, எல்லாமே ஏதாவது சொல்லும். பளபளவென்று ஆக்கிவிட்டு அப்புறம் கேட்டால் மரம் பதில் சொல்லாது. பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, நுனியிலிருந்து 10 அங்குலத்துக்கு ஒரு முறை வெர்னியர் காலிப்பரால் கனத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு பின்னால் எனக்குக் கடிவாளமாக இருந்தது.

அடுத்தது சத்தம். கியூவை நடுவில் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அடியைத் தரையில் மெல்லத் தட்ட வேண்டும். நல்ல கியூ "டக்" என்று ஒரே சத்தம் கொடுத்து அடங்கும். இது "டர்ர்" என்று ஒரு அதிர்வைச் சேர்த்துக் கொடுத்தது. அந்த அதிர்வுக்கு இரண்டே காரணம்தான் பெரும்பாலும்: ஃபெரூல் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் ஒட்டு எங்கேயாவது விட்டிருக்கும். ஃபெரூலை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி தட்டினால் சத்தம் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணத்தைத் தேடி நகத்தை ஒவ்வொரு நாக்கின் ஓரமாகவும் ஓட்டினேன். ஒன்றின் நுனியில் நகம் மாட்டியது. இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கருங்காலி மேலெழும்பி நின்றது, முடி நுழையும் இடைவெளி.

மரவேலையில் பழுத்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எப்பாக்ஸியைச் சொட்டு விட்டு அமுக்கிவிடலாமா என்று கேட்டதற்கு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, உள்ளே இருக்கிறது வச்சிரம். அதுமேல உங்க புதுப் பசை பிடிக்காது. வச்சிரத்துக்கு வச்சிரம்தான்" என்றார். அவர் சொன்னதில் வேதியியலும் இருக்கிறது. தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பழைய பசை வெந்நீரும் சூடும் பட்டால் இளகும், ஆறினால் இறுகும். பழைய பசை மிச்சத்தின் மேல் புதிதாகச் சூடான வச்சிரத்தை விட்டால் இரண்டும் ஒன்றோடு ஒன்று கரைந்து பிடித்துக்கொள்ளும். எப்பாக்ஸிக்கும் மரவேலைக்காரர் வழக்கமாகப் போடும் வெள்ளைப் பசைக்கும் அந்த வித்தை தெரியாது. பழைய படலத்தைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தால்தான் பிடிக்கும், அந்த இடுக்கில் சுரண்ட வழியில்லை. தவிர, நாளை வேறொருவர் திருத்த நினைத்தால் வச்சிரத்தைப் பிரிக்கலாம், எப்பாக்ஸியை மரத்தோடுதான் பிய்க்க வேண்டும்.

வச்சிரத் துகளைத் தண்ணீரில் ஊறவைத்து, நேரடி நெருப்பில் காட்டாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்து இளக்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் சுமார் போதும். கொதிக்கவிட்டால் பசைக்குப் பலம் போய்விடும். இடுக்கில் வெதுவெதுப்பான கத்தி நுனியால் பசையை ஊட்டி, மெழுகுத்தாள் சுற்றி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றினேன். உருண்டையான, சரிந்து போகும் பொருளுக்கு எந்த இடுக்கியையும்விட அந்த ரப்பர் நாடா சரியாக அழுத்தும். ஒரு முழு நாள் விட்டுவிட வேண்டும். பிரித்த பிறகு நகம் வழுக்கிக்கொண்டு போனது.

வார்னிஷை எடுப்பதில்தான் பொறுமை அதிகம் செலவானது. உப்புத்தாளைக் கையில் எடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். உப்புத்தாள் வார்னிஷையும் மரத்தையும் பிரித்துப் பார்க்காது. சுற்றிச் சுற்றித் தேய்த்தால் தண்டு ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடித்து நெளிநெளியாகிவிடும். கையில் உணர மாட்டீர்கள், ஆடும்போது வாட்டம் தெரியும். நான் மரம் சுரண்டும் எஃகுத் தகட்டைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பிடித்து, ரேகை போகும் திசையிலேயே, நுனியை நோக்கி மட்டும் இழுத்தேன். வார்னிஷ் தவிட்டு மாவாக உதிர்ந்தது. உதிர்வது பொடியாக இருக்கும்வரை வார்னிஷ். மெல்லிய சுருளாக வர ஆரம்பித்தால் மரத்தைத் தொட்டுவிட்டோம், நிறுத்த வேண்டும். அவ்வப்போது காலிப்பரை வைத்து, எழுதி வைத்த அளவோடு ஒத்துப் பார்த்தேன். 10 அங்குலக் குறியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது, அது வார்னிஷின் கனம்தான். துளைகளுக்குள் இறங்கியிருந்த நீலமும் கறுப்பும் முழுவதும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆஷ் தண்டின் அம்பு ரேகை கறுத்து எடுப்பாகத் தெரிவதே அந்தப் பல வருஷ அழுக்கால்தான்.

பிடியில் இருந்தது வார்னிஷ் இல்லை. பாலிஷ் போடும் ஸ்பிரிட்டை ஒரு பஞ்சு நுனியில் தொட்டு, அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். இளகி ஒட்டியது. அப்படியானால் அவலரக்கு, அதாவது பழைய பிரெஞ்சு பாலிஷ். இந்தச் சோதனையைச் செய்யாமல் "அழுக்கைத் துடைக்கிறேன்" என்று ஸ்பிரிட்டை எடுத்துத் தேய்த்தவர்கள் அழுக்கோடு பாலிஷையும் உரித்திருக்கிறார்கள். அழுக்குக்கு டர்பன்டைன் தொட்ட துணி போதும், அரக்கை அது தொடாது. அழுக்குப் போன பிறகு, மெல்லக் கரைத்த அவலரக்கைத் துணிப் பொட்டலத்தில் தொட்டு ஓடவிட்டால் பழைய பூச்சே உயிர்பெற்று எழும். புதிய பூச்சு என்று தனியாகத் தெரியாது.

தண்டில் சில பள்ளங்கள் இருந்தன. கியூ மேஜை ஓரத்தில் இடிபட்டு விழுந்தவை. நார் அறுபடாமல் நசுங்கியது மட்டும் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் அதைத் தூக்கிவிடும். பள்ளத்தில் ஒரு சொட்டு வைத்து ஊறவிட்டு, ஈரத் துணித் துண்டு ஒன்றை அதன்மேல் போட்டு, சூடான கரண்டியின் பின்புறத்தால் ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். நீராவி நாருக்குள் புகுந்து அதை ஊதிவிடும். முழுவதும் எழாவிட்டால் ஆறவிட்டு மறுபடி. நன்றாகக் காய்ந்த பிறகு எழுந்திருக்கும் பிசிறை மட்டும் 1000 எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தடவினால் போதும். இந்த வைத்தியத்தை ஒட்டுக்குப் பக்கத்தில் செய்யவே கூடாது. வச்சிரத்தை இளக்க வெந்நீரும் சூடும் போதும் என்று மேலே சொன்னது அங்கே நமக்கு எதிராகத் திரும்பும். பிடிக்குச் சற்று மேலே இருந்த ஒரு பள்ளத்தை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

வளைவையும் விட்டுவிட்டேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிடியிலிருந்து நுனிவரை நோக்கினால் தண்டின் நடுவில் மிக லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மேஜையில் உருட்டிப் பார்த்து முடிவு செய்வது எல்லாருக்கும் பிடித்த முறை. தட்டை முகம் உள்ள கியூவில் அது அவ்வளவாக ஒத்துவராது, கண்ணே நல்ல கருவி. கனத்தைக் கட்டி ராத்திரி முழுக்க எதிர்ப்பக்கம் வளைத்து வைத்தால் காலையில் நேராகத்தான் இருக்கும், கொஞ்ச நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடும். தட்டை முகம் எப்போதும் ஒரே பக்கம் பார்க்கும்படிதான் கியூவைப் பிடிக்கிறோம் என்பதால், ஒரே திசையில் இருக்கும் சின்ன வளைவுக்குக் கை பழகிவிடும். பார்த்த மாத்திரத்தில் கண்ணை உறுத்தும் வளைவு என்றால் அதைச் சூடுகாட்டி நிமிர்த்துவது கியூ செய்யும் கைவினைஞரின் வேலை.

ஃபெரூல் பித்தளை, பக்கவாட்டில் கீறல் விட்டிருந்தது. லேசாகச் சூடுகாட்டியதும் உள்ளே பசை இளகிக் கையோடு வந்துவிட்டது. சில ஃபெரூல்கள் மரையோடு இருக்கும், அவற்றைத் திருகித்தான் எடுக்க வேண்டும். இழுத்தால் நுனி மரம் பிளக்கும். 11 மில்லிமீட்டர் புதுப் பித்தளையை எப்பாக்ஸியில் பொருத்தினேன். வச்சிரப் பேச்சையெல்லாம் பேசிவிட்டு இங்கே மட்டும் எப்பாக்ஸியா என்று கேட்கலாம். பித்தளைக்கும் மரத்துக்கும் வச்சிரம் சரிப்படாது, தவிர ஃபெரூல் தேய்ந்தால் மாற்றப்படும் பாகம்தான். காய்ந்த பிறகு மேல்முகத்தைச் சமதளத்தில் வைத்த நுண்ணிய உப்புத்தாளில் கியூவைச் செங்குத்தாக நிறுத்தித் தேய்த்து மட்டமாக்க வேண்டும். டிப் பிய்ந்து விழுவதற்குப் பசையைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் இந்த முகம் மட்டமில்லாததுதான்.

டிப்பை ஃபெரூலைவிட ஒரு சுற்று பெரியதாக எடுத்து, அதன் அடியையும் மட்டமாகத் தேய்த்து, ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு சொட்டு போட்டு அழுத்தினேன். இறுகியதும் கியூவைத் தலைகீழாகப் பலகையில் நிறுத்தி, புது பிளேடால் ஓரத்தை ஃபெரூலோடு சமமாகச் சீவ வேண்டும். மேலிருந்து சீவினால் தோல் கிழியும். பிறகு மேல்முகத்தைக் கூம்பாக இல்லாமல், மெல்லிய வளைவாக உருட்ட வேண்டும்.

தண்டுக்குக் கடைசியாக ஆளிவிதை எண்ணெய். உள்ளங்கையில் சில சொட்டு விட்டுத் தேய்த்து, அரை மணி நேரத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். மேலே தங்கினால் அதுவும் பிசுபிசுக்கும், வார்னிஷை எடுத்த பாட்டுக்கு அர்த்தமே இருக்காது. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் விடும். சுருட்டிக் கிடக்கும் துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வெளியே எறியுங்கள்.

வெட்டுப்பட்ட ஓர் அங்குலத்தைச் சேர்க்கலாமே என்று கேட்டார்கள். நடுவில் அறுத்து இரண்டு துண்டாக்கிப் பித்தளை மரை வைத்தால் தூக்கிப் போக வசதி என்றும் ஒருவர் சொன்னார். இரண்டுக்கும் மறுத்துவிட்டேன். முதலாவது, எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியது. பேட்ஜ் பொருந்தாததுபோல அதுவும் பிற்காலச் சேர்க்கையாக நிற்கும். இரண்டாவதைச் செய்துவிட்டால் திரும்ப வழியில்லை. பேட்ஜை எடுக்கவில்லை. ஆனால் உறைக்குள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: பேட்ஜ் இதனுடையது அல்ல, அடி வெட்டப்பட்டது, ஃபெரூல் புதிது, ஒரு நாக்கு வச்சிரத்தில் மறு ஒட்டு. விற்கும்போது "ஒரிஜினல் ரைலி" என்று போட்டால் நாலு காசு கூட வரும் என்பது தெரியும். வாங்குகிறவர் பூதக்கண்ணாடி வைத்திருக்க மாட்டார் என்று நினைத்து வியாபாரம் செய்ய முடியாது.

இப்போது தரையில் தட்டினால் ஒரே "டக்". 11 மில்லிமீட்டர் நுனியில் ஸ்பின் கொடுக்க நான் பழகியதைவிட மையத்திலிருந்து இன்னும் கொஞ்சம் விலகி அடிக்க வேண்டியிருக்கிறது. நேர் அடியில் பந்து சொன்ன இடத்துக்குப் போகிறது. கியூவைச் சுவரில் சாய்த்து வைப்பதில்லை, படுக்கவைக்கிறேன். வெயிலில் நிறுத்திய காரிலும் விடுவதில்லை. புது டிப் சில ஆட்டங்களில் அழுந்தி ஓரம் பிதுங்கத் தொடங்கியது. பிளேடால் ஒரு சுற்றுச் சீவி, ஓரத்தை நாக்கால் ஈரமாக்கி, தோல் துண்டால் அழுத்தித் தேய்த்ததும் இறுகிவிட்டது.